கொக்கியை மாட்டியாச்சா?

(ராயகிரியில் நடந்த நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவு, மருத்துவ உதவி, ஏழைப் பெண்களின் திருமண உதவி என்று பேசுவோம். இன்று கட்டட வேலையில் ஆட்களை மேலே தூக்கும் லிப்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது என்ன, இன்ஜினியர் கூட்டமா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. இந்த ஆண்டு எங்களிடம் வந்த மருத்துவ உதவி மனுக்களில் இரண்டு, உயரத்திலிருந்து விழுந்தவர்களுடையவை. இரண்டு பேருக்கும் வயது முப்பதுக்குள். அவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் தொகை ஒரு மாத மாத்திரைக்குக்கூடக் காணாது. விழுந்த பிறகு பணம் திரட்டுவதை விட, விழாமல் இருக்க என்ன வழி என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுவோம் என்று தோன்றியது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

நம் பக்கத்துப் பிள்ளைகள் எங்கெங்கு வேலைக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் பெயின்ட் வேலை, கம்பி வேலை, ஏசிபி ஷீட் ஒட்டும் வேலை, கண்ணாடி மாட்டும் வேலை. இன்னும் கொஞ்சம் பேர் துபாய், சவூதி, கத்தார், சிங்கப்பூர். முன்பு இந்த வேலைக்கெல்லாம் சவுக்குக் கம்பும் பலகையும் கட்டிச் சாரம் போடுவார்கள். இப்போது பெரிய வேலைகளில் சாரத்துக்குப் பதிலாக லிப்ட் வந்துவிட்டது. அதில் நம் பிள்ளைகள் அதிகம் ஏறுவது இரண்டு வகை. ஒன்று பூம் லிப்ட். வண்டியிலிருந்து நீளமான இரும்புக் கை மடங்கி நீண்டு போகும். கை நுனியில் ஒரு கூடை. ஆள் அதற்குள் நின்று வேலை செய்வார். தெருவிளக்கு மாற்ற வருகிற வண்டியில் இருப்பதும் ஏறக்குறைய அதேதான். இன்னொன்று சிசர் லிப்ட். கத்தரிக்கோலை அடுக்கி வைத்தது போன்ற கால்கள் விரிந்து, மேலே ஒரு மேடையை நேராகத் தூக்கும்.

நாங்கள் சொன்ன இரண்டு மனுக்களில் ஒன்றைக் கொடுத்த தம்பி இதோ முன்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொல்லலாமா என்று கேட்டோம். "வேண்டாம் காக்கா, இந்த ஊரில் யாருக்குத் தெரியாது" என்று சிரித்தார். கேரளத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் வெளிச்சுவரில் ஷீட் ஒட்டும் வேலை. பூம் லிப்டின் கூடையில் நின்று மூன்று மாதம் வேலை செய்திருக்கிறார். அன்று மாலை ஒரு பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்துக்கு வண்டியை நகர்த்த வேண்டும். கையை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. நேரமாகிவிட்டது, பத்தடிதானே என்று கூடை மேலே இருக்கும்போதே நகர்த்தியிருக்கிறார்கள். பைப் புதைக்கத் தோண்டி மண் போட்டு மூடிய ஓர் இடத்தில் முன் சக்கரம் இறங்கியது. இறங்கியது ஒரு சாண்கூட இல்லை என்கிறார். கூடை அவரைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டது.

சக்கரம் ஒரு சாண் இறங்கினால் ஆள் ஏன் பறக்கிறார்? வீட்டில் ஒட்டடைக் கம்பை அடிப்பக்கம் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக அசைத்துப் பாருங்கள். கை அசைந்தது கொஞ்சம்; நுனி எவ்வளவு தூரம் ஆடுகிறது! பூம் லிப்டும் அப்படித்தான். கீழே சின்னக் குலுக்கல், மேலே கவண் மாதிரி ஒரு உதறல். கூடையின் கம்பி இடுப்பு உயரத்துக்கு மேல் இருந்தாலும் அந்த உதறலைத் தாங்காது. ஆள் கம்பிக்கு மேலே போய்விடுவார். சாய்ந்து எட்டி வேலை செய்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த உதறலுக்கு இருக்கிற ஒரே மருந்து, உடம்பில் மாட்டிய பெல்ட்டிலிருந்து வரும் கயிற்றின் கொக்கியைக் கூடைக்குள் இருக்கிற வளையத்தில் மாட்டி வைப்பது. நம் தம்பி பெல்ட் போட்டிருந்தார். தோள், நெஞ்சு, தொடை எல்லாம் சுற்றி வரும் முழு உடம்பு பெல்ட். கம்பெனி கொடுத்ததுதான். கொக்கி மட்டும் அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதமும் அப்படித்தானா என்று கேட்டோம். "இல்லை காக்கா, முதல் வாரம் மாட்டினேன். ஷீட்டைத் திருப்பும்போது கயிறு காலைத் தட்டும். பிறகு சூப்பர்வைசர் வரும்போது மட்டும் மாட்டுவேன்" என்றார். உண்மையைச் சொல்லும் துணிச்சலுக்காகவே அவரை நாங்கள் மெச்ச வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் அப்படி என்று கை தூக்கச் சொல்ல மாட்டோம்.

இருபது அடி உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொட ஒரு நொடிக்குச் சற்றே மேல்தான் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் அந்த வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது போல. நாம் 'யா அல்லாஹ்' என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நம் தம்பிக்கு முதுகெலும்பில் அடி. அல்ஹம்துலில்லாஹ், கம்பு ஊன்றி நடக்கிறார்.

கொக்கியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். கயிறு நீளமாக இருந்தால் உதறலில் ஆள் கூடைக்கு வெளியே போய்த் தொங்குவார். அந்த இழுப்பில் சின்ன வண்டி சாயவும் கூடும். கூடையை விட்டு வெளியே போகவே முடியாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். கொக்கியைக் கூடையில் அதற்கென்று இருக்கிற வளையத்தில்தான் மாட்ட வேண்டும். பக்கத்துச் சுவரின் கம்பியிலோ உத்திரத்திலோ மாட்டக் கூடாது. அங்கே மாட்டியிருக்கும்போது யாராவது கூடையை நகர்த்தினால் பெல்ட்டே ஆளை வெளியே இழுத்துவிடும். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட் வேண்டாம். விழுந்தால் அது வயிற்றையும் முதுகையும் நெரித்துவிடும். ஐஎஸ் 3521 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை ஆளைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி போடக் கூடாது.

சிசர் லிப்டில் உங்களைக் காப்பது முதலில் சுற்றுக் கம்பி. கம்பியின் மேல் ஏறி நிற்பது, மேடையில் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் நிற்பது, ஏறும் வாசலின் சங்கிலியைத் திறந்தே விட்டிருப்பது, இவைதான் ஆளை விழுத்தாட்டுகின்றன. அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளர் மரணங்களை ஆராய்ந்தபோது, இந்த லிப்டுகளால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 26 கட்டுமானத் தொழிலாளர்கள் இறப்பது தெரியவந்தது. பாதிக்கு மேல் பூம் லிப்ட் வகை. மின்சாரம் தாக்கியது, விழுந்தது, வண்டி சாய்ந்தது, இந்த மூன்றும்தான் பெரும்பாலான காரணங்கள். பூம் லிப்டிலிருந்து விழுந்தவர்களில் பாதிப்பேர் நம் தம்பியைப் போலவே ஒரு குலுக்கலிலோ, ஏதோ வந்து மோதியதிலோ கூடையிலிருந்து வெளியே எறியப்பட்டவர்கள்.

இந்த இயந்திரமே விபத்தைக் குறைக்கப் பிறந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. ஜேஎல்ஜி என்ற பெயரை லிப்டில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் குரோவ் என்பவர், ஓர் அணைக்கட்டுப் பக்கம் போனபோது சாரத்தில் நின்ற இரண்டு தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கி இறந்ததைப் பார்த்தாராம்; உயரத்தில் வேலை செய்ய இதைவிட நல்ல வழி வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. 1970-ல் அவர்களுடைய முதல் லிப்ட் விற்பனையானது. சாரத்தைவிட லிப்ட் நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாரத்தில் நிற்கிறவனுக்குக் காலில் பயம் இருக்கும். கூடையில் நிற்கிறவனுக்கு, சுற்றிக் கம்பி இருக்கிறதே என்று அந்தப் பயம் போய்விடுகிறது.

அடுத்தது காற்று. இதை நம் ஊரில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குற்றால சீசன் என்று வெளியூர்க்காரர்கள் சாரலில் நனைய வருகிற மாதங்களில்தான், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பாய்ந்து வருகிறது. அந்தக் காற்றை நம்பித்தானே சுந்தரபாண்டியபுரம், சுரண்டை, கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். வெளியில் பயன்படுத்தும் லிப்டுகளுக்குப் பொதுவான காற்று வரம்பு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். பெரும்பாலான காற்றாலைகள் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில் தாமாகவே நின்றுவிடும். லிப்ட் அதில் பாதிக் காற்றிலேயே இறங்கிவிட வேண்டும். கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்த என்று செய்த சிசர் லிப்டுகளும் உண்டு. அவற்றின் காற்று வரம்பு பூஜ்யம். வெளியே கொண்டுவரவே கூடாது. வாடகைக்கு எடுத்து வருகிறவர்களுக்கு இந்த வேறுபாடே தெரிவதில்லை. மேடையில் ஒட்டியிருக்கிற தகட்டில் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம்.

கையில் ஷீட், கண்ணாடி, விளம்பரப் பதாகை இருந்தால் அது பாய்மரம். 45 வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. அதோடு, தரையில் வீசுகிற காற்றைப் பார்த்து மேலே வீசுவதை முடிவு செய்யாதீர்கள். மேலே எப்போதும் அதிகம்.

2010 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், இருபது வயது, கால்பந்துப் பயிற்சியைப் படம் பிடிக்கச் சிசர் லிப்டில் சுமார் 40 அடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தார். காற்று மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. லிப்ட் சாய்ந்து அவர் இறந்தார். அந்த மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், அவ்வளவு வசதி. காற்று அதையெல்லாம் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது என்று அந்த மாணவர் மேலே நின்றுகொண்டே இணையத்தில் எழுதியிருந்தார். "இறங்கு" என்று சொல்லும் பொறுப்பில் இருந்தவர்கள் கீழே இருந்தார்கள்.

மின்கம்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கட்டட வேலைக்கு வரும் லிப்டுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தைத் தடுக்காதவை. மின்வாரியம் வைத்திருக்கிற தனி வகையோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் தெருக்களில் போகும் 11,000 வோல்ட் கம்பிக்குப் பத்தடிக்குள் கூடை, ஷீட், அலுமினியக் கம்பு எதுவும் போகக் கூடாது. தொட வேண்டும் என்றுகூட இல்லை. பெல்ட் இதிலிருந்து காப்பாற்றாது. வேலை கம்பிக்குப் பக்கத்தில் என்றால் லைனை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏற வேண்டும்.

கீழே ஒரு ஆள் நிற்க வேண்டும். சும்மா செல்போன் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இல்லை. ஒவ்வொரு லிப்டிலும் கீழிருந்தே கூடையை இறக்குகிற அவசர விசை ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே போகும்போது உத்திரத்துக்கும் கூடைக் கம்பிக்கும் நடுவில் நெஞ்சு மாட்டிக்கொண்டு, கத்தக்கூட முடியாமல் இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. கீழே நின்றவருக்கு விசை தெரிந்திருந்தால் பிழைத்திருக்கலாம். பெல்ட்டில் தொங்குகிறவரையும் அப்படியே விட்டுவிட முடியாது. தொடைப் பட்டை அழுத்தி ரத்தம் காலிலேயே தங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் அது இல்லை. புது இடத்தில் வேலைக்குச் சேரும் முதல் நாளே கேளுங்கள்: "நான் மேலே மாட்டிக்கொண்டால் என்னை யார் இறக்குவார்?" பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் அன்று ஏறாதீர்கள்.

இனி எங்கள் சொந்தக் குற்றம் ஒன்று. சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கு யோக்கியதை இருக்காது. போன முறை நம் அறக்கட்டளையின் பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் வாசலில் சீரியல் விளக்கும் பேனரும் கட்ட வேண்டியிருந்தது. ஏணி எட்டவில்லை. பக்கத்தில் வேலைக்கு வந்திருந்த ஜேசிபியை நிறுத்தி, முன் வாளியில் ஒரு பையனை நிற்க வைத்துத் தூக்கினோம். கைதட்டிக்கூட வேடிக்கை பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு இந்தப் பேச்சுக்காகப் படித்தபோதுதான் தூக்கம் போனது. அந்த வாளி மண் அள்ளச் செய்தது. பிடிக்கக் கம்பி இல்லை, கொக்கி மாட்ட வளையம் இல்லை. ஓட்டுநரின் முழங்கை விசையில் பட்டால் வாளி கவிழ்ந்து கொட்டும்; மண்ணைக் கொட்டுவதுதானே அதன் வேலை. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கதை அதேதான். அந்தப் பையனின் உம்மா இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம், சபையிலும் கேட்கிறோம்.

2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலிக்குப் பக்கத்தில் கீழ்வீதி கிராமத்தில் கோயில் திருவிழா. சாமிக்கு மாலை போடுவதற்காகக் கிரேனில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். கிரேன் நிலை தடுமாறிக் கூட்டத்தின் மேல் சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் ஊர் விழா, நம் பந்தல் வாசல், இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. சுமை தூக்கச் செய்த இயந்திரத்தில் ஆளைத் தூக்கினார்கள். நாங்களும் அதையே செய்தோம். அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி அறக்கட்டளை வேலை எதற்கும் ஜேசிபி வாளியிலோ கிரேன் கொக்கியிலோ டிராக்டர் முன்பக்கத்திலோ ஆளை ஏற்ற மாட்டோம். மினாராவுக்கு வெள்ளையடிக்கவும் விளக்குக் கட்டவும் ஜமாஅத் ஏற்பாடு செய்யும்போது, முறையான லிப்டின் வாடகைக்கு ஆகும் கூடுதல் செலவை அறக்கட்டளையிடம் கேளுங்கள், தருகிறோம்.

"எல்லாம் தக்தீர், மவ்த் வர வேண்டிய இடத்தில் வரும்" என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். தக்தீரை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் பேசியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன பதில் நம் மதரஸா பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதோடு, இந்தப் பேச்சை விழுந்தவரின் குடும்பத்தார் சொன்னால் அது ஸப்ர். லிப்டை வாடகைக்கு விட்டவரும் வேலைக்கு அழைத்துப் போனவரும் சொன்னால் அது தப்பித்துக்கொள்வது.

அடுத்துச் சொல்வது, நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் செய்ய வேண்டியது. தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

விபத்தில் மவ்த்தானால் ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்று துடிக்கிறோம். உடம்பை அறுக்கக் கூடாதே என்று மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தில்தான், "போலீஸ் கேஸ் வேண்டாம், போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்" என்று சொல்லி, காண்டிராக்டர் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அவர் தருகிற கொஞ்சம் பணத்தையும் ஆம்புலன்ஸையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து அந்த மய்யித்தின் மனைவி, இத்தா முடியும் முன்பே, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு எங்களிடம் ஆள் அனுப்புகிறார். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல், அவர் வேலை செய்யும்போது விழுந்துதான் இறந்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? "அவர் ரோட்டில் விழுந்தார்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சந்தேகம் உள்ளவர்கள் இமாம்களிடமே கேளுங்கள். அனாதைகளின் ஹக்கைக் காப்பதற்கு அவசியமான ஒன்றை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்பது நல்லது. அரசு மருத்துவமனையில் சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லிக் கேட்க எங்கள் தொண்டர்கள் கூட வருவார்கள், கேரளத்துக்கும் வருவார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே, போச்சே என்று அழுகிற குடும்பங்களுக்கும் ஒன்று சொல்கிறோம். 1923-ம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. கணக்கு முறை பழையதுதான். மரண இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம் கட்ட வேண்டும். குடும்பத்தார் கையில் நேராகக் கொடுத்தது, மூன்று மாதச் சம்பளம் அளவுக்கான முன்பணம் தவிர, இழப்பீடாகக் கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. சப்-காண்டிராக்டர் ஓடிவிட்டால் மேலே இருக்கிற பெரிய காண்டிராக்டரிடம் கேட்கலாம். கேட்க இரண்டு ஆண்டு அவகாசம்.

எவ்வளவு கிடைக்கும்? மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு என்று சட்டம் கொடுத்திருக்கிற எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு 2020 முதல் 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். முப்பது வயதுக்காரருக்கு அந்த எண் 207.98. ஆக 7,500 பெருக்கல் 207.98, வருவது 15,59,850 ரூபாய். நாற்பது வயது என்றால் 13,81,275. இதை ஐம்பதாயிரத்துக்கும் ஓர் ஆம்புலன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. இறக்காமல் முழுதாக முடங்கிப் போனால் பாதிக்குப் பதில் நூற்றுக்கு 60 என்று கணக்கு. மருத்துவச் செலவு தனி.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. கொடுத்த பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றிப் போட்டவருக்குக் காயம் ஏற்பட்டால், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று முதலாளி வாதாடலாம். மரணத்துக்கும் முழு முடக்கத்துக்கும் அந்த வாதம் எடுபடாது. மற்றக் காயங்களுக்கு எடுபடும். நம் தம்பியின் வழக்கு இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. பெல்ட் கொடுத்தோம், கொக்கியை மாட்டவில்லை என்கிறார்கள். கூடையை உயரத்தில் வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தச் சொன்னது யார் என்று நம் வக்கீல் கேட்கிறார். அல்லாஹ் நல்ல முடிவைத் தரட்டும், துஆ செய்யுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: சிங்கப்பூரில் உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும் முதலாளி விபத்துக் காப்பீடு எடுத்தாக வேண்டும்; வேலையை விட்டு நின்ற பிறகும் கேட்கலாம்; விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கேட்க வேண்டும். 2022-ல் அங்கே பணியிட விபத்துகளில் 46 பேர் இறந்தார்கள். அரசு அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் 2023 மே 31 வரை கூடுதல் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்து முதலாளிகளை நெருக்கியது. அவ்வளவு கட்டுப்பாடு உள்ள ஊரிலேயே இப்படி. வளைகுடாவுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். அந்தத் தாள் எங்கே என்று கேட்டால் பாதி வீடுகளில் தெரியாது. பிள்ளை விமானம் ஏறும் முன் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உம்மாவின் பெட்டியில் இருக்கட்டும்.

உள்ளூரிலும் கேரளத்திலும் வேலை செய்கிற நம் ஆட்களில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. 18 வயது முதல் 60 வரை சேரலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகள் படிப்பு, திருமணம், பேறுகால உதவி, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம், பணியிட விபத்தில் இறந்தால் லட்சக்கணக்கில் நிதி. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்து உதவியை இழந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அதற்காக அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இதே இடத்தில் பதிவு முகாம் வைத்திருக்கிறோம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம், வயதுச் சான்று, பணிச் சான்று கொண்டு வாருங்கள். ஆதாரோடு இணைத்த போன் கையில் இருக்க வேண்டும், குறுஞ்செய்தி எண் வரும். கேரளத்தில் இருப்பவர்களுக்கு எந்தத் தாள் குறைகிறது என்று வீட்டார் வந்து கேட்டுப் போகலாம்.

முழு உடம்பு பெல்ட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். எந்தப் பட்டை எங்கே வர வேண்டும், கயிறு எவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும், மாட்டிக்கொண்டே ஷீட்டை எப்படித் திருப்புவது என்று அன்றைக்கு நம் தம்பியே காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். லுஹருக்கு மேல் அவருக்கு முதுகு வலி வந்துவிடும், நிற்க முடியாது.